கோலாலம்பூரில் ஓர் இரவு: நம்மவர் தங்கிய இடங்கள்

தோட்டத்துக் குடும்பம் ஒன்று முதன்முதலாகக் கோலாலம்பூரைப் பார்க்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதையெதைப் பார்ப்பது என்பதில் வீட்டில் சண்டை வராது. பத்துமலை, மாரியம்மன் கோவில், இரட்டைக் கோபுரம் என்று பிள்ளைகளே வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். பேச்சு தடைபடுகிற இடம் வேறு. "இராத்திரி எங்கே தங்குவது?" என்று வீட்டம்மா கேட்பார். சித்தப்பா மகன் வீடு இருக்கிறதே என்பார் ஒருவர். அது சின்ன அடுக்குமாடி வீடு, அவர்களே ஆறு பேர் என்பார் இன்னொருவர். ஓட்டல் என்றால் எவ்வளவு கேட்பானோ என்று பாட்டி இழுப்பார். எத்தனையோ பயணங்கள் இந்த ஒரு கேள்வியிலேயே நின்றுபோயிருக்கின்றன.

நேயர்களே, இந்தக் கேள்வி நம்மவர்களுக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு தலைமுறையும் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. ஆனால் முதலில் வந்தவர்களுக்கு இப்படியொரு கேள்வியே எழவில்லை. அவர்கள் எங்கே படுக்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறோமே, அதற்கு 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1901-இல் அது திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களில் பெருந்தொகையினர் இங்கே வந்து இறங்கினார்கள். ரஜூலா என்ற கப்பலின் பெயரை நம் பெரியவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். இறங்கியதும் நேராகத் தோட்டத்துக்குப் போக முடியாது. அம்மை, வாந்திபேதி போன்ற நோய்களுக்கு அஞ்சிய அரசாங்கம், கப்பலின் தளத்தில் பயணம் செய்து வந்த தொழிலாளர்களைத் தடுப்பு முகாமில் வைத்துப் பார்த்த பிறகே வெளியே விட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் நம் முன்னோர் பலர் கழித்த முதல் இரவு அந்த முகாமில் கழிந்தது. அங்கிருந்து தோட்டத்து லயம். அந்த வீட்டையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்பதை நாம் சொல்லித்தான் நேயர்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

ரயில் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே பாதை திறந்தார்கள். 1890-இல் ஆற்றுக்குப் பாலம் அமைந்து, வண்டி கிள்ளான் ஊருக்குள் வந்தது. தகரத்தைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை அது. பால் வெட்டுகிறவர்கள் ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக யாரும் தண்டவாளம் போடவில்லை. இருந்தாலும் பாதை என்று ஒன்று இருந்தால் மனிதர்கள் ஏறத்தானே செய்வார்கள்?

ஏறுவதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலை 1873-இல் நிறுவியவர் தம்புசாமிப் பிள்ளை. பத்துமலைக் குகையில் முருகனுக்கு வழிபாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்து வருகிறது. சம்பளம் போனாலும் போகட்டும் என்று தோட்டத்துச் சனம் வேலையை விட்டுப் புறப்பட்ட நாள் அது. 1905-இல் பத்துமலைக்கே ரயில் கிளைப்பாதை வந்தது. தைப்பூசத்துக்குச் சிறப்பு ரயில்களும் ஓடின. 1920-இல் குகைக்கு மரப்படிகள் அமைத்தார்கள். இன்று நாம் ஏறுகிற 272 கான்கிரீட் படிகள் பின்னால் வந்தவை.

அந்தக் கூட்டம் இரவில் எங்கே படுத்தது? பந்தலிலும், மரத்தடியிலும், மலையடிவாரத்து மண்ணிலும்தான். தலைக்குத் துணிமூட்டை, பக்கத்தில் கட்டுச்சோறு. திருவிழா இரவு என்பதால் அதை யாரும் குறையாக எண்ணவில்லை. ஆனால் திருவிழா இல்லாத நாளில் கோலாலம்பூரில் ஓர் இரவு தங்க வேண்டுமென்றால் தோட்டத்துக் குடும்பத்துக்குக் கதவுகள் குறைவு. ரயில் நிலையக் கட்டடத்திலேயே ஓட்டல் இருந்தது. அது துரைமார்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும். அம்பாங் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பெட்டியடியில் கணக்கு எழுதி, அங்கேயே படுத்து எழுந்த வணிகர்களின் இடம் அது. குடும்பத்தோடு வருகிறவர் அங்கே போய்ப் பாய் விரிக்க முடியாது.

ஆகவே எஞ்சிய ஒரே வழி, தெரிந்தவர் வீடு. அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் ரயில்வேக்காரராக இருந்தார். பிரிக்பீல்ட்ஸின் கதை இங்கேதான் வருகிறது. 1881-இல் நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டியிருந்த கோலாலம்பூரை அழித்தன. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்ட வைத்தார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். சூளைகள் போயின, ரயில்வே வந்தது. அதனோடு குவார்ட்டர்ஸ் வீடுகளும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும், தமிழ்நாட்டிலிருந்து வந்து தண்டவாளத்தில் உழைத்தவர்களும் அங்கே குடியேறினார்கள். 1902-இல் கந்தசுவாமி கோவில், 1904-இல் விவேகானந்த ஆசிரமம், 1905-இல் கிறிஸ்துவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. என்று அந்த வட்டாரம் வளர்ந்தது. ஊரிலே மாமா ரயில்வேயில் இருந்தால், அந்த மாமாவின் திண்ணைதான் தோட்டத்துப் பிள்ளைக்குக் கோலாலம்பூர் ஓட்டல்!

இப்படி உறவினர் வீட்டில் தங்குவதும், உறவினரைத் தம் வீட்டில் தங்க வைப்பதும் இயல்பான காரியம் என்று நாம் இன்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் அது போராடிக் கேட்க வேண்டிய உரிமையாக இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கோரிக்கைகளை வைத்தது. கூலி உயர்வு, கள்ளுக்கடை ஒழிப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். அதே பட்டியலில் இருந்த வேறு இரண்டைப் பேசுவதில்லை. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது ஒன்று. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று.

இவை சின்ன விஷயங்கள் என்று நமக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வருகிற மைத்துனன் வாசலில் யாரிடமோ அனுமதி கேட்க வேண்டுமானால், அந்த வீடு யாருடையது? சொந்தச் சைக்கிளில் போகிறவன் நடுவழியில் இறங்கி நிற்க வேண்டுமானால், அந்தப் பாதை யாருடையது? மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இவ்வளவு விலை கொடுத்துக் கேட்டவற்றுள் ஒன்றுதான் விருந்தாளியை வீட்டில் ஏற்கும் உரிமை.

போருக்குப் பிறகு 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஊரடங்கும் முள்வேலியும் மறுபடி நடமாட்டத்தைக் குறுக்கின. அடையாள அட்டை என்பது அந்த 1948-இல் வந்ததுதான். இன்று எந்த ஓட்டல் மேசையிலும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். அன்று சந்தேகத்தோடு சரிபார்த்தார்கள். இன்று அதைக் காட்டினால் சாவி தருகிறார்கள்.

இப்போது நம் பயணத்துக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸில் தங்குவதே முதல் பயணத்துக்கு வசதி என்பது எங்கள் கருத்து. பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. பத்துமலைக்கும் கிள்ளானுக்கும் அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் போகலாம். 2010-இல் இந்த வட்டாரத்தை லிட்டில் இந்தியா என்று அறிவித்தார்கள். பாட்டி கேட்கிற இட்லியும் கிடைக்கும், கடைக்காரரிடம் தமிழிலேயே வழியும் கேட்கலாம். பெரிய வீதிக்குத் துன் சம்பந்தன் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்க வழி செய்த கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர் அவர். பிள்ளைகள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள்.

உறவினர் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு வேளை சாப்பாட்டுக்குப் போங்கள், படுக்கைக்கு வேண்டாம். மறுநாள் விடியுமுன் வேலைக்கு ஓடுகிற பிள்ளைகள் அவர்கள். ஓர் அறை எடுத்தால் இருவருக்கும் நிம்மதி. முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, எத்தனை பேர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேராகப் போனால் வாசலில் வாக்குவாதம்தான் மிஞ்சும். மின்தூக்கி உண்டா, அறையில் ஜன்னல் உண்டா, திரும்பத் தரும் முன்பணம் எவ்வளவு என்று கேளுங்கள். மலிவான அறைகள் சிலவற்றில் ஜன்னலே இருக்காது. காற்றோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அது பெரிய வேதனை. 2017 முதல் ஓட்டல்களில் சுற்றுலா வரி என்று ஒரு இரவுக்குப் பத்து வெள்ளி வாங்குகிறார்கள். அது வெளிநாட்டவர்க்கு மட்டும். குடிமக்களும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் கட்ட வேண்டியதில்லை. நம் தோட்டத்துப் பாட்டிமார் சிலர் இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் தயங்காமல் மறுத்துச் சொல்லுங்கள்.

தைப்பூச வாரத்தில் அறை கிடைப்பதும் கடினம், விலையும் ஏறும். பத்துமலையை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் சாதாரண வாரநாள் நல்லது. காலையில் வெயில் ஏறுமுன் படியேறிவிடலாம். குரங்குகள் கண்ணில் படும்படி வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள்.

கல்யாணத்துக்குத் துணிமணி எடுப்பதுதான் நோக்கமென்றால் கோலாலம்பூரில் அறை எடுக்கவே வேண்டாம். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கித் தெங்கு கிளானா சாலைக்கு நடந்தே போகலாம். சேலையும் மாலையும் வெள்ளிச்சாமானும் ஒரே தெருவில் கிடைக்கும், மாலை வண்டிக்குத் திரும்பிவிடலாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் கைக்குழந்தையோடு அங்கே போகாதீர்கள். கால் வைக்க இடம் இருக்காது.