வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் அருகே, ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் காவல் அதைவிட மிகப் பழையது. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாக ஊரார் முறையிட, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் ஏரியைக் காக்கும் உரிமையை அவர்களுக்கே எழுதிக்கொடுத்தார். பறவைகள் மேல் பாசம் மட்டுமல்ல காரணம். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். கணக்குத் தெரிந்த விவசாயிகள்!

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் கூடு கட்டும். மரத்தைச் சுற்றிய தண்ணீரே வேலி. ஆகவே பராமரிப்பின் சாரம் இரண்டு: நீர், மரம். கோடையில் தூர்வாருவதும், வரத்துக்கால்வாயைச் சீர்செய்வதும், மண்மேடுகளில் கன்று நடுவதும் அதற்காகத்தான். எச்சம் இலைகளை வெள்ளையாக்கி மரத்தையே பட்டுப்போகச் செய்வதால், புதுக்கன்று நடும் வேலை ஓய்வதில்லை.

பார்க்க ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. கரைமேல் நடைபாதையும் காட்சிக்கோபுரமும் உண்டு, தொலைநோக்கி அவசியம். மாலை நான்கு மணிக்குமேல் போவது நல்லது. இரைதேடிப் போனவை கூட்டங்கூட்டமாகத் திரும்பும். தாயின் தொண்டைப்பைக்குள் தலையை நுழைத்து மீன் தின்னும் கூழைக்கடாக் குஞ்சை அப்போது காணலாம். மழை பொய்த்த ஆண்டில் பறவைகளும் அரிது. அருகிலுள்ள கரிக்கிலி ஏரி, வாத்து இனங்களைப் பார்க்க ஏற்றது.