இருப்புப்பாதையும் நிலமதிப்பும்

நகருக்குள் ரயில் விடுவது டிக்கெட் காசில் மட்டும் கட்டிவரும் தொழிலாக எங்கும் எளிதில் அமைந்ததில்லை. தண்டவாளம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே இருபுறமும் மனை விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தை உண்டாக்குவது ரயில். கையில் வாங்குவது பெரும்பாலும் நிலத்துக்காரர். ஒரு நகரம் நிலையங்களைச் சுற்றித் திரண்டதா, கண்ட திசையில் சிதறியதா என்பதை வரைபடம் போட்ட பொறியாளர்களைவிட இந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதே பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

1863 ஜனவரி 10 அன்று லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயிலை ஓட்டிய மெட்ரோபாலிட்டன் ரயில்வேக்கு ஒரு தனிச்சலுகை இருந்தது. பிற ரயில் கம்பெனிகள் பாதை போட்டதுபோக மிஞ்சிய நிலத்தை விற்றுவிட வேண்டும், இதுவோ வைத்துக்கொள்ளலாம். நகரின் வடமேற்கே பாதை நீண்டபோது இந்தச் சலுகையின் அருமை தெரிந்தது. 1915 முதல் ‘மெட்ரோலேண்ட்’ என்ற பெயரில் அந்தப் பகுதிகளை விளம்பரப்படுத்தி, 1919இல் வீட்டுமனைக்கென்றே துணைக் கம்பெனியும் தொடங்கினார்கள். 1933இல் லண்டனின் சுரங்க ரயிலும் டிராமும் பேருந்தும் ஒரே பொது வாரியத்தின்கீழ் வந்தன. ரயில் வாரியத்துக்குப் போனது. மனைக் கம்பெனி போகவில்லை. செலவு பொதுவுக்கு, ஆதாயம் தனியாருக்கு என்ற பிரிவினையாக இதைப் பார்க்க இடமிருக்கிறது.

இதே கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தவர் ஜப்பானின் கொபயாஷி இச்சிஸோ. மிட்சுயி வங்கி வேலையை விட்டு வந்த அவர் நடத்திய கம்பெனி (பின்னாளில் ஹான்கியூ) 1910 மார்ச் 10 அன்று ஒசாகாவின் உமேதாவிலிருந்து தகராசுகாவுக்கு மின்ரயில் விட்டது. வழியெல்லாம் வயலும் சிற்றூர்களும், ஏறுவதற்கு ஆளில்லை. தடம் நெடுக நடந்து பார்த்த கொபயாஷி, பயணிகளை முதலில் குடிவைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். பாதை ஓரத்து நிலம் மலிவாக இருந்தபோதே வாங்கி, இகேதாவில் வீடுகள் கட்டினார். விலையில் 5இல் 1 பங்கு முன்பணம், மீதி 10 ஆண்டு மாதத்தவணை. சம்பளக்காரர்களுக்கும் சொந்த வீட்டுக்கு வழி பிறந்தது. காலையில் எல்லோரும் நகருக்குள் போனால் எதிர்த்திசை வண்டி காலியாக ஓடுமே என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. பாதையின் மறுமுனையான தகராசுகாவில் 1911இல் வெந்நீர்க் குளியலகம், 1914இல் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசைநாடகக் குழு. 1929இல் உமேதா நிலையத்திலேயே பல்பொருள் அங்காடி. மந்தநிலைக் காலத்தில் அதன் உணவுக்கூடத்தில் வெறும் 5 சென் காசுக்குச் சோற்றை மட்டும் வாங்கி, மேசையில் இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டுப் போனவர்களை அவர் விரட்டவில்லை, வரவேற்றார். இன்றைக்குச் சோறு மட்டும் வாங்குகிறவர் நாளைக்குக் குடும்பத்தோடு வருவார் என்று நம்பினார். சோற்றில் நட்டம் வந்தாலும் ரயிலில், மனையில், கடையில் அது திரும்பிவரும். மூன்றும் ஒரே பேரேட்டில் இருந்தன.

பேரேடு பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் சாட்சி. 1901இல் ஹென்றி ஹண்டிங்டன் தொடங்கிய பசிபிக் எலெக்ட்ரிக் உச்சத்தில் சுமார் 1,600 கி.மீ. தண்டவாளம் வைத்திருந்தது. அவருக்கு ரயில், மனை விற்பதற்கான வழி. 1910இல் அதில் தன் பங்கை சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மனை விற்று முடிந்த ஊர்களுக்கு வண்டி ஓட்டும் கடமை மட்டும் மிஞ்சியது. கட்டணத்தை உயர்த்தவோ அரசு ஆணையத்தைக் கேட்க வேண்டும். 1920களில் கார்கள் பெருகித் தண்டவாளத்தை மறித்தன. கார், டயர், எண்ணெய் கம்பெனிகள் சதி செய்துதான் ரயிலை ஒழித்தன என்று சொல்பவர்கள் உண்டு. அவற்றின் முதலீட்டைப் பெற்ற நேஷனல் சிட்டி லைன்ஸ் வழக்கில் 1949இல் தண்டனை கிடைத்தது உண்மை. ஆனால் அந்தக் கம்பெனி 1945இல் வாங்கியது நகருக்குள் ஓடிய மஞ்சள் டிராம்களை. பசிபிக் எலெக்ட்ரிக்கின் சரிவு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1961இல் லாங் பீச் தடமும் மூடப்பட்டது. 1990இல் பெரும்பாலும் அதே தடத்தில் மக்களின் வரிப்பணத்தில் மறுபடி ரயில் விட்டார்கள்.

ரயிலையும் நிலத்தையும் ஒரே பேரேட்டில் வைத்த இன்னொரு ஊர் ஹாங்காங். அங்கே நிலம் ஏறக்குறைய முழுவதும் அரசுடையது, குத்தகைக்கே விடப்படுகிறது. 1979இல் முதல் ரயிலை ஓட்டிய எம்.டி.ஆர். நிறுவனத்துக்கு நிலையங்களின் மேலே கட்டும் உரிமையை, ரயில் வருமுன் இருந்த மதிப்பில் அரசு கொடுத்தது. கௌலூன் பே பணிமனையில் கீழே ரயில்களைப் பழுதுபார்க்கிறார்கள். அதன் கூரைதான் டெல்ஃபோர்டு கார்டன்ஸ் குடியிருப்பின் சுமார் 5,000 வீடுகளுக்குத் தரை. ரயில் நிறுவனமே நிலவியாபாரி ஆனால் வீட்டு விலை குறைவதை அது விரும்புமா என்பது நியாயமான கேள்வி. ஹாங்காங்கில் சாமானியர் புறாக்கூண்டு வீடுகளில் நெருங்கி வாழ்வதைப் பார்த்தபின் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் குறை ஆதாயத்தை மீட்டதில் இல்லை, மீட்டதை எதற்குச் செலவிட்டார்கள் என்பதில் இருக்கிறது. சிங்கப்பூர் 1966ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தால் நிலத்தை மலிவாகக் கையகப்படுத்தி, பெரும்பாலான மக்களுக்கு அரசு வீடு கட்டித் தந்தது. 1987இல் வந்த ரயில் அந்தக் குடியிருப்புகளை இணைத்தது. அங்கே நிலத்தை இழந்தவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு குறைவு என்ற மனக்குறையையும் மறைக்கக் கூடாது.

சென்னையில் 1920களில் மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டித் தியாகராய நகர் எழுந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் வந்தது. மாம்பலம் நிலையத்தில் படியிறங்கினால் ரங்கநாதன் தெரு. கைகொள்ளாத பைகளோடு வண்டிக்கு விரைகிறவர்களைப் பார்த்தால், அங்குள்ள கடை வாடகையில் ரயிலுக்கு எவ்வளவு பங்கு என்பது புரியும். ரயில்வேக்கு வருவது அவர்கள் வாங்கும் சீட்டின் காசு. இத்தனைக்கும் 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம், திட்டத்தால் ஏறிய நிலமதிப்பில் ஒரு பங்கை உரிமையாளரிடம் வசூலிக்க இடம் தந்திருந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் நடந்தது இன்னும் தலைகீழ். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின் அந்தச் சாலையோரம் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் வளர்ந்து, மனை விலை ஏறி முடிந்தபிறகே மாதவரம்–சிறுசேரி மெட்ரோ தடத்துக்கு வேலை தொடங்கியது. நிலையத்துக்கான இடத்தையும் ஏறிய விலைக்கே வாங்க வேண்டும். ஏற்றத்தில் பங்கு கேட்டால், விற்கும் எண்ணமில்லாமல் பழைய வீட்டில் வாழும் ஓய்வூதியர் எங்கே போவார் என்று கேட்கிறார்கள். அவரிடம் இன்றே கேட்க வேண்டியதில்லை. வீடு கைமாறும்போதோ, இடித்து அடுக்குமாடி எழும்போதோ வாங்கலாம். கூடுதல் தளப்பரப்புக்குக் கட்டணம் வாங்கும் முறை தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நிலையத்தைச் சுற்றியுள்ள மனைகளில் கிடைக்கும் அந்தத் தொகையை அதே தடத்தின் கணக்கில் சேர்க்கலாம்.