வீரர்க்கு வழித்துணை

விடைபெற்றுச் செல்லும் விருந்தினருடன் சிறிது தூரம் நடந்து சென்று வழிவிட்டு வருவது தமிழர்க்குப் பழைய வழக்கம். பரிசில் பெற்றுச் செல்லும் பொருநன் ஒருவனின் பின்னே கரிகாற் பெருவளத்தான் ஏழடி நடந்து வந்து, அதன் பின்னரே அவனைத் தேரில் ஏற்றி அனுப்பினான் என்று பொருநராற்றுப்படை கூறுகின்றது. அவன் கொடுத்த பரிசிலோ பெரிது. ஆயினும் அந்த ஏழடியைப் புலவர் சொல்லாமல் விடவில்லை. பொருளைக் கொடுத்தால் வறுமை நீங்கும். உடன் நடந்தால் மனிதனுக்கு மதிப்பு உண்டாகும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

உடன் செல்லுதலே உயர்ந்த மரியாதை என்பதைக் கண்டி மாநகர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் அந்நகரின் வீதிகளில் நடைபெறும் எசல பெரகராவைக் கண்டவர்கள் இதனை உணர்வர். கசை வீசுவோர் முன்னே செல்ல, கொடி ஏந்துவோரும் மேளம் கொட்டுவோரும் ஆடுவோரும் தொடர, தலதா மாளிகையின் கொம்பன் யானை பேழையைச் சுமந்து வரும். அந்தப் பேழை தனியே செல்லலாகாது என்பதற்காகவே அத்தனை பேரும் நடக்கின்றனர். கெட்டம்பேயில் மாவலி கங்கை நீரை வெட்டும் சடங்கு வரையில் அந்தத் துணை நீடிக்கின்றது.

இவ்வாறு துணை செல்லும் மரியாதை போர்வீரருக்கு எவ்வாறு கிடைத்தது, எவருக்குக் கிடைத்தது, எவருக்குக் கிடையாமற் போயிற்று என்பதே இங்கு ஆராயத் தக்கது. இதற்குக் கண்டியும் அதன் சுற்றுப்புறமும் தக்க களமாகும்.

முதலில் உலகின் மறுபுறத்தில் இக்காலத்தே தோன்றிய ஒரு வழக்கத்தைக் காண்போம். ஐக்கிய அமெரிக்க நாட்டிலே, போரில் மாண்ட வீரரின் உடல் ஊருக்கு வரும்போதும், உயிருடன் மீண்ட வீரர் விமான நிலையத்தில் வந்து இறங்கும்போதும், மோட்டார் சைக்கிள்களில் அமர்ந்த தொண்டர்கள் கொடிகளைத் தாங்கி இருமருங்கிலும் அணிவகுத்துச் செல்கின்றனர். 2005ஆம் ஆண்டில் கன்சாஸ் மாநிலத்தில் எழுந்த 'பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ்' என்னும் சங்கம் இவ்வகையிற் பெயர் பெற்றது. வீரர்களின் இறுதிச் சடங்கு நடக்கும் இடத்திலே சிலர் கூடி நின்று இகழ்ச்சிக் கூச்சல் எழுப்பி, துயருற்ற குடும்பத்தாரை மேலும் வருத்தினர். அவர்களோடு வாதாடாமல், குடும்பத்தாருக்கும் கூச்சலிடுவோருக்கும் இடையே கொடிகளுடன் சுவர் போல நிற்பதே இத்தொண்டர்கள் கண்ட வழி. சிற்சில வேளைகளில் மோட்டார் சைக்கிளின் இயந்திர ஒலியாலேயே அக்கூச்சலை அமிழ்த்தியதும் உண்டு. குடும்பத்தார் அழைத்தால் அன்றி அவர்கள் செல்வதில்லை. படையிற் பணி புரிந்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மரியாதை செலுத்தும் மனம் இருந்தாற் போதும்.

இவ்வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. கொரியப் போர்க் காலம் முதல் அந்நாட்டார் போர் நடந்துகொண்டிருக்கும்போதே மாண்டவர் உடலைத் தாயகத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினர். உடல் வந்தால் அதனுடன் செல்வதற்கு ஊரார் வேண்டுமல்லவா? பிரித்தானியப் பேரரசின் முறை இதற்கு நேர்மாறானது. முதலாம் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டிலேயே, மாண்டவர் உடலைத் தாயகம் கொண்டு செல்வது தடுக்கப்பட்டது. வசதி படைத்தவர் தம் பிள்ளையின் உடலைக் கொண்டு செல்ல, ஏழையின் பிள்ளை மட்டும் அயல் மண்ணிற் கிடப்பது நீதியன்று என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். 1917ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணைக்குழு, பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடு பாராது அனைவருக்கும் ஒரே தன்மையான கல் என்ற விதியை வகுத்தது. விதி உயர்ந்ததே. ஆனால் அந்த விதியினால், வீழ்ந்த வீரனுக்கு வீடு வரையில் வழித்துணை என்பது இல்லாமற் போயிற்று. 1982ஆம் ஆண்டு போக்லந்துப் போர் வரையில் பிரித்தானியரின் பொது வழக்கம் இவ்வாறே இருந்தது.

இனிக் கண்டிக்கு வருவோம். 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை என்னும் தொண்டர் படை அமைக்கப்பட்டது. கண்டியே அதன் தலைமையிடம். மலைநாட்டுத் தேயிலை, றப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியருக்கு மட்டுமே அதிற் சேர உரிமை இருந்தது. அதே தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய, கவ்வாத்து வெட்டிய தமிழ்த் தொழிலாளருக்கு அப்படையில் இடம் இல்லை. துரை போருக்குச் சென்றபோது தோட்டத்தை நடத்தியவர்கள் அவர்களே என்பதைப் படை வரலாறு எழுதியவர்கள் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

1914ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மேஜர் ஹோல் பிரவுண் தலைமையில், அதிகாரிகள் 8 பேரும் ஏனையோர் 229 பேருமாக 237 பேர் எகிப்துக்குக் கப்பலேறினர். முதலிற் சுயெஸ் கால்வாயின் காவலில் நின்ற அவர்கள், பின்னர் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு இணைக்கப்பட்டு, 1915இல் கலிப்போலிக் கரையில் இறங்கினர். அங்கே அவர்களுக்கு இடப்பட்ட பணி வியப்பானது. அப்படைகளின் தளபதியான லெப்டினன்ட் ஜெனரல் பேர்ட்வுட்டுக்கும் அவருடைய தலைமையகத்துக்கும் மெய்காவலராக நிற்பதே அது. கண்டி மலைகளிலிருந்து சென்ற தொண்டர்கள், அந்தக் கொடிய களத்திலே தளபதிக்கு வழித்துணையாயினர். பேர்ட்வுட் தம் எழுத்தில் அவர்களைப் பாராட்டினார். அவர்களிற் பலர் பின்னர் வேறு படைப்பிரிவுகளில் அதிகாரிகளாகிச் சிதறினர். 1917ஆம் ஆண்டளவில் 80 பேர் மாண்டும் 99 பேர் காயமுற்றும் இருந்தனர். மாண்டவர் வீழ்ந்த இடத்திலேயே கிடந்தனர். 1949ஆம் ஆண்டில், சுதந்திர இலங்கையின் புதிய இராணுவம் அமைந்தபோது, இப்படையும் கலைக்கப்பட்டது.

மாண்டவர் கதை ஒருபுறம் இருக்க, உயிருடன் மீண்டவர் கதை வேறு. மாண்டவனுக்குக் கல் நடுவது எளிது. அவன் கேள்வி கேட்பதில்லை. மீண்டு வந்தவனோ வேலை கேட்பான், மருந்து கேட்பான், பிள்ளைகளின் பசிக்கு வழி கேட்பான். தமிழ் இலக்கணம் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து வரையில் துறைகளை வகுத்துள்ளது. களத்திலிருந்து ஊனமுற்றுத் திரும்பியவனின் நெடிய வாழ்வுக்கு அவ்வாறு விரிவாக வகுத்த துறைகள் இல்லை.

முதலாம் போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்தது. 1921 முதல் அந்நாளில் செந்நிறப் பொப்பி மலர் விற்கும் வழக்கம் பிரித்தானியாவில் தொடங்கிப் பேரரசெங்கும் பரவியது. இலங்கையிலும் ஆண்டுதோறும் பொப்பி மலர் விற்கப்பட்டது. கடைத்தெருவில் சதம் கொடுத்து அந்த மலரைச் சட்டையிற் குத்திக்கொண்டவர்களில் எத்தனை பேர், அந்தச் சதம் எங்கே செல்கின்றது என்று சிந்தித்தனர்? சேர்ந்த பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியப் பழைய படைவீரர்களின் நலனுக்கே சென்றது. அதே போரிற் பணி செய்து இலங்கைக்கு மீண்டவருக்குக் கிடைத்தது சொற்பம்.

இதனை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியவர் பழைய படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா. பொப்பி விற்பனைக்கு எதிராக அவர் ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. 1931ஆம் ஆண்டில், அதே நவம்பர் 11ஆம் நாளில், சூரிய மலரை விற்று, அந்தப் பணத்தை இந்நாட்டு முன்னாள் வீரருக்கு அளிக்க முற்பட்டார். சூரிய மலர் என்று சிங்களத்தில் வழங்குவது வேறொன்றுமன்று, நம்மவர் நன்கறிந்த பூவரசம்பூவே ஆகும். யாழ்ப்பாணத்து வேலிகளில் நிற்கும் மரம். இலையைச் சுருட்டிச் சிறுவர் ஊதுகுழல் செய்யும் மரம். காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது செந்நிறம் ஏறும் பூ. பேரரசின் கடைச் செம்மலருக்கு எதிரே இந்த நாட்டு வேலிப் பூவை நிறுத்தியது நல்ல தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இரண்டு ஆண்டுகளிற் கதை திரும்பியது. 1933இல் இளைஞர் சங்கத்தினர் இந்த இயக்கத்தைத் தம் கையில் எடுத்தனர். பிரித்தானியாவிற் பிறந்து இலங்கைப் பெண் கல்விக்கு உழைத்த ஆசிரியையான டோரீன் விக்கிரமசிங்க அதன் தலைமையில் நின்றார். பூவரசம்பூ இப்போது பேரரசு எதிர்ப்பின் கொடியாயிற்று. வீதி தோறும் தொண்டர்கள் அதனை விற்றனர். அந்த எழுச்சியின் பெருமையைக் குறைத்துப் பேசுதல் தகாது. எனினும் ஒன்றைக் கூறாமல் விடுவதும் தகாது. மலர் அரசியலாக மலர்ந்தபோது, எந்தப் பழைய படைவீரனுக்காக அது முதலிற் பறிக்கப்பட்டதோ அவன் மெல்லப் பின்வரிசைக்குச் சென்றான். இரு மலர்களுக்கிடையே நடந்த போரில் அவனைக் குறித்துப் பேசுவோர் குறைந்தனர்.

அந்தத் தொண்டர்கள் வெறுங்கொடி பிடித்தவர்கள் அல்லர் என்பதை அடுத்த ஆண்டு காட்டியது. 1934இல் மழை பொய்த்தது. ஓடிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் மலேரியா நுளம்பு பெருகியது. கண்டிக்கு மேற்கே அண்மையிலுள்ள கேகாலைப் பகுதி பெரிதும் தாக்குண்டது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் அந்நோயினால் இறந்தோர் 80,000க்கு மேற்பட்டோர். சூரிய மலர்த் தொண்டர்கள் கிராமம் கிராமமாகச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். குடிசை வாயிலிற் சென்று நின்ற அந்த உதவியும் ஒருவகை வழித்துணையே. அவர்களில் முன்னின்ற சிலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தது அரசியல் வரலாற்றைச் சார்ந்தது.

இரண்டாம் உலகப் போர் கண்டியின் வாசலுக்கே வந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். அக்காலப் படைகளில் மோட்டார் சைக்கிள் அணிவகுப்புக்கு உரிய வாகனமாக அன்றி, அவசரக் கடிதங்களைத் தாங்கிச் செல்லும் தூதரின் வாகனமாகவே பெரிதும் ஓடியது. இந்த மலைச் சாலைகளின் வளைவுகளில் அவ்வாறு ஓடுவது எளிதான வேலையன்று என்பதைக் கடுகண்ணாவைக் கணவாயை அறிந்த நேயர்கள் ஒப்புக்கொள்வர்.

அப்போர்க் காலத்தில் இலங்கைக்கு வந்தோருள் அதிகம் பேசப்படாதவர் கிழக்காபிரிக்க வீரர். 1942இல் யப்பானியர் படையெடுப்பு அஞ்சப்பட்டபோது அவர்களின் படைப்பிரிவொன்று இங்கு காவலுக்கு வந்தது. 11ஆவது கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு 1943இல் அமைக்கப்பட்டு, இலங்கையிற் பயிற்சி பெற்று, 1944இல் பர்மாக் களத்துக்குச் சென்றது. தம் நாட்டுக்கு எவ்விதத்திலும் பகைமை செய்யாத ஒரு நாட்டாரோடு போர் புரிய, தாம் கேள்வியுற்றிராத தீவொன்றில் அவர்கள் பயிற்சி பெற்றனர்.

கண்டி நகரத்துக்குத் தென்மேற்கே, மாவலி கங்கைக் கரையை அடுத்து, பழைய பெயரிற் பிட்டகந்த எனப்பட்ட போர் மயானம் இருக்கின்றது. அங்கே 203 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பிரித்தானியர் 107 பேர், கிழக்காபிரிக்கர் 35 பேர், இலங்கையர் 26 பேர், இந்தியர் 23 பேர், கனடியர் 6 பேர், இத்தாலியர் 3 பேர், பிரெஞ்சுக்காரர் ஒருவர், இனம் அறியப்படாதோர் இருவர். இத்தாலி 1943 வரையில் பகை நாடாக நின்றது என்பதை நினைவிற் கொண்டால், அந்த மூவரும் அதே புல்வெளியிற் கிடப்பது சிந்தனைக்குரியது. தோட்டத்துரைமார் படையில் இடம் பெற முடியாத நிறத்தவரும், இடம் பெறக்கூடிய நிறத்தவரும் இங்கே ஒரே வேலிக்குள் இருக்கின்றனர். உயிரோடிருந்தபோது ஒருவரோடொருவர் சமமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

1983 முதல் 2009 வரை இத்தீவிலே நடந்த போரில் மாண்டவரையும் மீண்டவரையும் பற்றிய பேச்சு இதனினும் கனமானது. அது தனி உரைக்கு உரியது.

பிட்டகந்த மயானத்தில் உள்ள இலங்கையர் 26 பேருக்கு மட்டுமே உறவினர் பேருந்து ஏறி வந்து மலர் வைக்கும் தூரத்தில் ஊர் இருந்தது. கிழக்காபிரிக்கர் 35 பேரின் பெற்றோரோ, பிள்ளையின் பெயர் பொறித்த கல் எந்த ஆற்றங்கரையில் நிற்கின்றது என்று காண ஒரு பெருங்கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. நகரிலிருந்து அம்மயானத்துக்குச் செல்ல அதிக நேரம் ஆகாது. வாசலிலிருந்து கல் வரிசை வரையில் செல்வதற்கு ஏழடியினும் சற்று அதிகமாக நடக்க வேண்டும், அவ்வளவே.