கவுன்சிலிங்கில் நீங்கள் 'கேஸா', மனிதரா? தத்துவம் சொல்வது என்ன?

கொல்லிமலை அடிவார முள்ளுக்குறிச்சியிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ் ஏறி ஒருவர் கவுன்சிலிங் வருகிறார்னு வைத்துக்கொள்வோம். 'தூக்கமின்மை கேஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டால், மறுபடி வருவாரா?

உறவு சார்ந்த உளவியல் சிகிச்சைனா என்ன?
ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையே உருவாகும் உறவையே குணமாக்கும் வழியாகக் கொள்ளும் முறை இது.

தத்துவம் எங்கே வருகிறது?
மற்றவரை 'அது' என்று பொருளாகப் பார்க்கலாம். 'நீ' என்று முழு மனிதராகச் சந்திக்கலாம் என்றார் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர். அவரது ஜெர்மன் நூல் 1923-ல் வெளியானது. "ராத்திரி தூக்கம் வராதப்போ மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பது இரண்டாவது வகை.

இருவரும் சமமா?
1957-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் பூபரும் இதை நேருக்கு நேர் விவாதித்தனர். இருவரும் சமமாகச் சந்திக்கும் தருணங்கள் உண்டு என்றார் ரோஜர்ஸ். உதவி தேடி வந்தவரும் உதவுபவரும் ஒரே நிலையில் இல்லை என்றார் பூபர். அதனால், வந்தவர் பேசத் தயங்குவதையும் ஆலோசகர்தான் கவனிக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?
"நான் சொன்னதை நீங்க கவனிக்கலைன்னு தோணுச்சு" என்று ஆலோசகரிடமே சொல்லுங்கள். அந்த மனக்கசப்பைப் பேசித் தீர்ப்பதும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான்.

முதல்முறை பேசத் தயக்கமா? 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.