மன்னருக்கு வாய்த்த குழலாசிரியர்

தனிப்பட்ட முறையில் இசை கற்பிப்பவரின் நிலை எக்காலத்திலும் சற்றுச் சங்கடமானது. அறிவால் அவர் குரு. ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் மாணவரோ மாணவரின் குடும்பத்தினரோதான். பிழையைப் பிழையென்று சொன்னால் மாணவர் நின்றுவிடக்கூடும். சொல்லாமல் விட்டால் கற்பித்தலுக்கே பொருளில்லை. இந்தச் சங்கடத்தின் உச்சநிலையை 18 ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யாவிற் காணலாம். அங்கே ஒரு கொல்லரின் மகன், ஒரு மாணவருடன் 45 ஆண்டுகள் குழலாசிரியராகத் தொடர்பு கொண்டிருந்தார். பாடம் தொடங்கியபோது மாணவருக்கு வயது 16. ஆசிரியர் மறைந்தபோது மாணவருக்கு வயது 61. ஆசிரியரின் பெயர் யோகான் யோவாக்கிம் குவாண்ட்ஸ். மாணவர், மகா பிரெடெரிக் என வரலாறு அழைக்கும் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்.

குவாண்ட்ஸ் 1697 இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்திற் பிறந்தார். தந்தையின் பட்டறையே அவருக்கு விதிக்கப்பட்டிருந்த தொழில். ஆனால் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்ததால், மெர்சபர்க் நகரில் வாத்தியக்காரராக இருந்த சிற்றப்பனிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். அந்நாளைய நகர வாத்தியக்காரர் ஒரு கருவியோடு நின்றுவிட முடியாது. வயலின், ஓபோ, எக்காளம் எனக் கைக்குக் கிடைத்த அனைத்தையும் அவர் கற்றார். குறுக்குக் குழலுக்கு அவர் வந்து சேர்ந்தது இருபது வயதைக் கடந்த பின்னர்தான். ட்றெஸ்டன் அரசவையிலிருந்த பிரெஞ்சுக் கலைஞர் பூஃபார்டினிடம் சுமார் நான்கு மாதங்கள் பயின்றார். அதற்குமேல் அவருக்கு முறையான குழலாசிரியர் எவரும் இருக்கவில்லை. 1724 முதல் 1727 வரை இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய நாடுகளிற் பயணஞ்செய்து, கேட்டுக் கேட்டே தமது கலையை வளர்த்துக்கொண்டார்.

1728 இல் அவர் பேர்ளினுக்கு வந்தபோது, அவரது வாசிப்பைக் கேட்ட இளவரசர் பிரெடெரிக் அவரிடமே கற்க விரும்பினார். குவாண்ட்ஸின் எசமானரான சக்சனி அரசர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்டுக்கு இருமுறை சென்று கற்பித்துவர மட்டும் இசைந்தார். இளவரசரின் தந்தையோ போர்வீரர் மன்னர் எனப் பெயர்பெற்ற முதலாம் பிரெடெரிக் வில்லியம். 1713 இல் அரியணை ஏறியதும் அரசவை இசைக்குழுவைக் கலைத்தவர் அவர். மகன் குழலூதுவதையும் பிரெஞ்சு நூல்கள் படிப்பதையும் ஆண்மைக்கு இழுக்கெனக் கருதினார். ஆகவே தாயாரின் ஆதரவோடு, தந்தையின் கண்ணிற் படாமலே பாடங்கள் நடந்தன.

பேர்ளின் பதிப்பாளர் நிக்கொலாய் பின்னாளிற் பதிவுசெய்த சம்பவம் ஒன்று பிரசித்தமானது. பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில் மன்னர் வருவதாக இளவரசரின் நண்பர் காட்டே எச்சரித்தார். குழலும் இசைத்தாள்களும் மறைக்கப்பட்டன. சிவப்பு மேலங்கி அணிந்திருந்த குவாண்ட்ஸ், விறகு வைக்கும் சிற்றறையில் நடுங்கியபடி ஒளிந்திருந்தார். மன்னர் மகனின் சரிகை அங்கியைக் கண்டு அதைத் தீயிலிட்டார். ஆசிரியர் அகப்படவில்லை.

இதை வேடிக்கையாகப் படித்துவிட்டுக் கடந்துசெல்ல முடியாது. 1730 ஓகஸ்டில் இளவரசர் நாட்டை விட்டுத் தப்பியோட முயன்று பிடிபட்டார். உடந்தையாக இருந்த காட்டே, நவம்பர் 6 ஆந் திகதி கூஸ்ட்ரின் கோட்டையில், இளவரசரின் கண்முன்னாலேயே சிரச்சேதம் செய்யப்பட்டார். அன்று பாட அறையின் வாசலிற் காவல்நின்ற இளைஞரின் முடிவு அது.

1740 இல் பிரெடெரிக் மன்னரானார். அடுத்த ஆண்டின் இறுதியில் குவாண்ட்ஸ் நிரந்தரமாகப் பேர்ளினுக்கு அழைக்கப்பட்டார். ஆண்டுச் சம்பளம் 2,000 தாலர். இயற்றும் இசைக்கும் செய்து கொடுக்கும் குழல்களுக்கும் தனிக் கொடுப்பனவு. அதே அரசவையிற் பணிசெய்த பெருங்கலைஞர் கார்ல் பிலிப் எமானுவேல் பாக் தொடக்கத்திற் பெற்றது 300 தாலர் மாத்திரமே. இத்தனையும் கொடுத்த மன்னரின் வாசிப்பிற் குறை கண்டால் ஆசிரியர் என்ன செய்வார்?

1772 இல் பொட்ஸ்டாம் சென்ற ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்ள்ஸ் பேர்னி இதற்கு விடை தருகிறார். மன்னர் வாசித்து முடிக்கும் இடங்களில் "பிராவோ" என்று குரலெழுப்பும் உரிமை அங்கே குவாண்ட்ஸ் ஒருவருக்கே இருந்தது. பாராட்டும் உரிமை என்பது பாராட்டாமலிருக்கும் உரிமையுமாகும். பிழை நேர்ந்தால் குவாண்ட்ஸ் இருமுவார் என்றும், ஒருமுறை தாம் இயற்றியதிலிருந்த பிழையை மன்னர் திருத்திக்கொண்டு, குவாண்ட்ஸின் தடிமனை நாம் கூட்டிவிடக் கூடாது என்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

1752 இல் குவாண்ட்ஸ், குறுக்குக் குழல் வாசிப்பதற்கான வழிகாட்டியாகப் பெருநூலொன்றை வெளியிட்டார். அதில் 18 அத்தியாயங்கள் உள்ளன. மூச்சு, விரல்நிலை ஆகியவற்றோடு, நாவினால் ஸ்வரங்களைப் பிரிக்கும் முறையையும் "தி", "திரி" போன்ற அசைகளால் விளக்குகிறார். நமது நாதஸ்வரக் கலைஞர்களின் துத்துகாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தாளகதியை அளக்கும் கருவி பரவாத அக்காலத்தில், நிமிடத்துக்கு 80 தடவை துடிக்கும் நாடியை அவர் அளவுகோலாகக் கொண்டார். தொடக்கத்திலேயே நல்லாசிரியரைத் தெரிவது பற்றியும் கூறுகிறார். முகத்துதி செய்பவரையும், வருவாய்க்காகப் பாடத்தை இழுத்தடிப்பவரையும் தவிர்க்குமாறு மாணவரை எச்சரிக்கிறார்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. 45 ஆண்டுகள் ஒரு மாணவரைப் பற்றிநின்றவர் இதைச் சொல்லலாமா? மன்னருக்கென அவர் சுமார் 300 கொன்சேட்டோக்களை இயற்றினார். இரவுதோறும் அவையே சுழன்று சுழன்று வாசிக்கப்பட்டன. ஐரோப்பாவின் இசைச்சுவை மாறியபின்னும் பொட்ஸ்டாமிற் பழைய பாணியே ஒலித்ததைப் பேர்னியும் கவனித்தார். பிழைகளைத் திருத்திய ஆசிரியர், மாணவரின் இரசனையை முன்னகர்த்தவில்லை என்பது நியாயமான குற்றச்சாட்டே. மேலும், சோகச் சாயல் கொண்ட மெதுவான பகுதிகளை உருக்கமாக வாசித்த அதே மன்னர்தான் 1740 இல் சைலீசியாவின் மீது படையெடுத்தவர். இசை மனிதரை மென்மையாக்கும் என்று மேடைகளிற் சொல்வோர் இதனையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆயினும் அந்த மன்னரைச் சூழ்ந்திருந்தோரில், அவரது பிழையை அவர் முன்னிலையிலேயே உணர்த்தக்கூடியவர் எத்தனை பேர்? நாளொன்றில் ஒரு மணிநேரமாவது அத்தகைய ஒருவரின் முன்னால் அவர் விரும்பி நின்றார். தனிப்பாடம் தரக்கூடியது அவ்வளவுதான், அது சிறிதன்று.

குவாண்ட்ஸ் 1773 ஜூலை 12 இல் மறைந்தார். முடிவுறாதிருந்த அவரது கடைசிக் கொன்சேட்டோவின் இறுதிப் பகுதியை மன்னரே இயற்றி நிறைவுசெய்தார். சில ஆண்டுகளிற் பற்கள் விழுந்து, கைகளும் வாதத்தால் இறுக, மன்னர் குழலைக் கைவிட்டார். அவருக்கென எழுதப்பட்ட கொன்சேட்டோக்களிற் பெரும்பாலானவை அன்று அச்சேறாமல் அரண்மனைக்குள்ளேயே தங்கிவிட்டன. அச்சேறி வெளியே வந்த நூலோ, பழங்கால மரக்குழலைப் பயில்வோரால் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஒரு மன்னருக்குக் கற்பித்தவரின் பாடம், அவர் முகமறியாத மாணவர்களிடமே நிலைத்திருக்கிறது.