கல்வராயன் மலையும் வெட்டுப்பட்ட குரலும்

குறும்படம் எடுக்கிற கல்லூரிப் பசங்க படத்தை வெட்டி ஒட்ட ஒரு வாரம் ஒதுக்குவாங்க. வசனத்துக்கு? ஒரு ராத்திரி! அதுவும் எடுத்த இடத்துல பதிவான குரலைத் தூக்கிப் போட்டுட்டு, ரூம்ல போர்வையை மூடிக்கிட்டு டப்பிங். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறிப் போய் எடுத்தாலும் இதே கதைதான். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1931 மார்ச்சில் வந்த 'ஆலம் ஆரா'வில் படமும் ஒலியும் ஒரே ஃபிலிமில் பதிவாயின. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்'. ஒரே ஃபிலிம் என்றால் சௌகரியம்தானே என்று தோன்றும். எடிட்டருக்கு அதுதான் தலைவலி. உதடு அசையும் ஃபிரேமும் அதற்கான ஒலியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. 35 எம்எம் பிரிண்டில் இந்த இடைவெளி சுமார் 20 ஃபிரேம், அதாவது முக்கால் வினாடிக்கு மேல். படத்தை வெட்டினால் வசனம் பாதியில் அறுந்துவிடும்.

ஒலியைத் தனி ஃபிலிமில் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் கத்தரிக்கு விடுதலை. ஏவி.மெய்யப்பன் 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்தார். 1944-இல் கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது!

நம்ம மலைக்கு மேற்கே, சேலத்தில், டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். 1950-இல் அங்கிருந்து வந்த 'மந்திரி குமாரி'யில் கலைஞரின் வசனம் கொடி கட்டிப் பறந்தது. மைக் முன்னால் சுத்தமாக ஒலிக்கும் மேடைத்தமிழ்தான் அன்றைக்கு அளவுகோல். பிறகு 1977-இல் '16 வயதினிலே' மாதிரி படங்கள் கிராமத்துக்கே போயின. ஆனா வெளிப்புறக் கேமராக்கள் கடகடன்னு சத்தம் போடும். அதனால வசனம் மறுபடி தியேட்டருக்குள்ளேயே வந்தது. எடுத்த இடத்திலேயே குரலைப் பதிவு செய்த 'விருமாண்டி' 2004-இல் வந்தபோது அது பெரிய செய்தி.

ஆக, டப்பிங் என்பது கேமரா சத்தத்துக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம். இன்னிக்கு டிஜிட்டல் கேமரா சத்தமே போடுறதில்லை. நோய் போயிடுச்சு, மருந்தை மட்டும் இன்னும் முழுங்கிட்டு இருக்கோம் :-)

இதுல ஒரு நஷ்டம் இருக்கு. கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கூலியில்லாத கட்டாய வேலை அங்கே நடந்தது. அதைப் பார்த்த மலையாளிப் பெரியவர் ஒருத்தர் கேமரா முன் பேசினால், அவர் இழுக்கிற இழுப்பு, நடுவில் விடுகிற மூச்சு, எல்லாமே சாட்சியம். அதன்மேல் நம்ம டவுன் குரலை ஒட்டினால் மிஞ்சுவது தகவல் மட்டுமே.

செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். காலர் மைக், காற்றுக்கு ஒரு பஞ்சு உறை, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கைத்தட்டல். அந்தத் 'டப்'தான் படத்துக்கும் ஒலிக்கும் பொதுவான டைம்ஸ்டாம்ப். கிளம்பும் முன், யாரும் பேசாமல் முப்பது வினாடி அந்த இடத்தின் அமைதியையும் பதிவு பண்ணிக்கோங்க. வசனத்தை வெட்டின ஓட்டையை அதை வைத்து அடைக்கலாம். ஓட்டையில் சுத்த நிசப்தம் இருந்தால் காது உடனே கண்டுபிடிச்சிடும். மலையில் அமைதிக்கும் ஒரு சத்தம் உண்டு.