அம்மாவின் கையெழுத்து பிறந்த கதை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு. தார் சுற்றிக்கொண்டிருந்த பெண் ராட்டையை நிறுத்திவிட்டு, மகன் பேரில் கணக்குத் தொடங்க வாங்கிய படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். காப்பாளர் என்ற இடத்தில் அவர் போட்ட கையெழுத்தைப் பென்சிலால் சுழித்திருந்தார்கள்.

"அப்பா கையெழுத்து வாங்கினு வான்னு சொல்ட்டாங்கம்மா. அவரு எங்க கீறாருன்னே தெரியல, நான் எங்க போய் வாங்கறது?"

தாயின் கையெழுத்து போதாதா என்ற இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1984 டிசம்பரில் எழுத்தாளர் கீதா ஹரிஹரன், கணவரோடு கலந்து பேசி, மகன் பேரில் 9 சதவீத நிவாரணப் பத்திரம் கேட்டு ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். காப்பாளராக அவரே கையெழுத்திட்டார். தகப்பன் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் நீங்கள்தான் காப்பாளர் என்று சான்று கொண்டுவாருங்கள் என்றது வங்கி. தகப்பன் வீட்டிலேயே இருக்கிறார், சம்மதமும் சொல்லிவிட்டார். அப்படியும் பெற்றவளின் கையெழுத்து செல்லவில்லை.

வங்கி காட்டியது, இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவை. மைனர் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், 'அவருக்குப் பிறகு' தாய் என்கிறது அது. தகப்பன் செத்த பிறகுதான் தாய் என்று அதற்குப் பொருள் கொண்டிருந்தார்கள். ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். தூக்கி வளர்க்கத் தாய், கையெழுத்துக்குத் தகப்பன்!

கீதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சூழலியலாளர் வந்தனா சிவாவின் மனுவும் அவர் வழக்கோடு சேர்ந்தது. மணமுறிவு வழக்கு நடக்கும்போதே, மகனுக்குத் தான் ஒருவனே இயற்கைக் காப்பாளர் என்று அவருடைய கணவர் உரிமை கோரியிருந்தார்.

1999 பிப்ரவரி 17 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்தப் பிரிவை அவர்கள் ரத்து செய்யவில்லை. 'பிறகு' என்றால் 'அவர் இல்லாத நிலையில்' என்று பொருள் சொன்னார்கள். தகப்பன் உயிரோடு இருந்தும் பிள்ளையைக் கண்டுகொள்ளாவிட்டால், வேறெங்கோ இருந்தால், உடலாலோ மனதாலோ முடியாதவராக இருந்தால், அல்லது இருவரும் பேசித் தாயிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தால், தாயே இயற்கைக் காப்பாளர். ரத்தே செய்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தகப்பன் முதலில், தாய் பின்னால் என்ற வரிசை ஏட்டில் இன்றும் அப்படியே நிற்கிறது. அதனால்தான் பிள்ளையார்பாளையத்துப் படிவத்தில் பென்சில் சுழி விழுகிறது.

நாளைக்கே கணவர் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்டால் என்ன செய்வது என்று அந்தப் பெண் மெல்லக் கேட்டார். கேட்டதும் கொடுத்துவிட வேண்டியதில்லை. வழக்கென்று வந்தால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி பிள்ளையின் நலனே தலையாயது. தகப்பனா தாயா என்பது அதற்கு அடுத்துத்தான்.

தீர்ப்பின் பெயரையும் தேதியையும் படிவத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். உங்கள் கையெழுத்தையும் யாராவது சுழித்தால் பேசாமல் திரும்பாதீர்கள், அம்மா. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 15100க்குப் போன் செய்யுங்கள்; பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், வருமானச் சான்று தேவையில்லை.